தீ வாளி மணல்

செங்கரட்டுப்பட்டியில் கடைசியாக நல்ல மழை எப்போது பெய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். ஆனால் குணசீலன் முதலாளி வீட்டு நீச்சல் குளத்துத் தண்ணீர் என்றைக்குப் பச்சையாக மாறியது என்று கேட்டால் ஊரே ஒரே நாளைச் சொல்லும். ஏனென்றால் சாத்தூருக்கு மேற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கரிசல் காடும் அதற்குள் தள்ளித் தள்ளி நிற்கிற பட்டாசு ஆலையின் வெள்ளையடித்த ஒற்றை அறைகளுமாகக் கிடக்கிற அந்தப் பூமியில், ஒரு குடம் தண்ணீருக்கு டேங்கர் டிராக்டர் பின்னால் பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிற அந்த ஊரில், சும்மா இறங்கி நிற்பதற்கென்றே நீலக் கல் பதித்து ஏணி வைத்துக் கட்டிய தண்ணீர் அது ஒன்றுதான். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அது பச்சையானது. மூன்றாம் நாள் தவளை வந்தது. ஐந்தாம் நாள், முதலாளி மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வைகாசியில் நிச்சயத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள் என்று தகவலும் வந்தது.

பதினாலு வருஷம் ஓடிய ஃபில்டர் செத்துப்போயிருந்தது. மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து, மணல் நிரப்பிய நெஞ்சுயரத் தொட்டிக்குள் விடும், மணல் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுத்தமான தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பி வரும். அந்த மிஷினின் வித்தை அவ்வளவுதான். தொட்டியில் விரிசல் விட்டு, உள்ளே மணல் பாறையாக இறுகிக் கிடந்தது. மதுரை கம்பெனிக்காரன் புதுத் தொட்டியும் மோட்டாரும் இறக்கிவிட்டு, குழாய் வேலைக்கு உள்ளூரிலேயே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டான். உள்ளூரில் ஆள் என்றால் தவசிலிங்கம்தான்.

தவசிலிங்கம் அதுவரை கக்கூசுக்கும் போர்வெல்லுக்கும் குழாய் மாட்டியவன். ஐம்பத்திரண்டு வயது, தொப்பையில்லாத உடம்பு, சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுச் சட்டை. பிளம்பருக்கு எதுக்குய்யா கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டை என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். உள்ளூர்க்காரர்கள் பேசமாட்டார்கள், அவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே முதலாளியின் ஆலையில், ஏழாம் நம்பர் அறையில் அவன் மகள் செண்பகவல்லி தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அன்றைக்கு அவனும் அதே ஆலையில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் பதித்துக்கொண்டிருந்தான். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் ஓடினான், புகைக்குள் நுழைந்தான், அவளைப் பார்த்தான். அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம். அடுத்து கண் திறந்தபோது அறை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மல்லாந்து கிடந்தான், கூரை இடிந்து உள்ளே விழுந்திருந்தது, அவள் வரவே இல்லை. அவன் நெஞ்சில் மட்டும் ஒரு கை இருந்தது. உள்ளங்கையும் ஐந்து விரலுமாக, கோலமாவில் கை முக்கிச் சுவரில் பதித்த மாதிரி, எரிகிற கை ஒன்று பதிந்த தழும்பு. பிள்ளை அப்பனைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறாள், அவனால் பிடிக்க முடியவில்லை, அதற்குள் வெடி அவனைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டது என்று ஊர் அந்தத் தழும்பைப் படித்துச் சொன்னது. அவனும் அப்படித்தான் படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, அவன் மனைவி குருவம்மா ஒரே ஒரு முறை சொன்னாள்: “பிள்ள கைய நீட்டியிருக்கா. ஒனக்குப் பிடிக்கத் தெரியலையே.” அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் குளித்துவிட்டு வந்து அவன் அந்தக் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவான். அவள் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர்கள் வீட்டில் மகளின் படம் கிடையாது, இருந்ததெல்லாம் அந்தக் கைதான்.

அப்படியும் அதே முதலாளிக்கு வேலை பார்த்தானா என்று கேட்பீர்கள். செங்கரட்டுப்பட்டியில் அவருக்கு வேலை பார்க்காதவர் இரண்டே பேர், ஒருவர் போஸ்ட்மேன், இன்னொருவர் பிள்ளையார்.

வேலை லேசில் முடியவில்லை. விருதுநகரிலிருந்து வந்த வாஸ்துக்காரர் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, ஈசானி மூலையில் மோட்டார் இருக்கவே கூடாது, அது நெருப்பு சம்பந்தப்பட்டது, அக்கினி மூலைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். மோட்டார் ரூம் வடகிழக்கிலிருந்து தென்கிழக்குக்குப் போக வேண்டும் என்றால் அதன் பின்னால் எல்லாக் குழாயும் போக வேண்டும். தவசிலிங்கம் குளத்தைச் சுற்றி டைல்ஸை உடைத்து, பழைய குழாய்களை அறுத்து எடுத்து, பெரிய குழாய் வாங்கி, அடி வடிகாலுக்கு ஒன்று, மேல்தண்ணீரை இழுக்கிற சல்லடைப் பெட்டிக்கு ஒன்று, திரும்பி வருவதற்கு இரண்டு என்று புதிதாகப் பதித்து, ஒவ்வொரு மூட்டையும் பசை தடவி ஒட்டி, ஒரு முழு நாள் காய விட்டு, தண்ணீர் ஏற்றிப் பார்த்தான். ஒரு சொட்டு கசியவில்லை. கூட மாட வேலைக்கு ஒச்சம்மா இருந்தாள். நாற்பத்தெட்டு வயதுச் சித்தாள், கணவன் இல்லை, வலது கையில் மூன்று விரல் ஒன்றாக ஒட்டிப்போனவள். திரி அறையில் வேலை பார்த்தபோது பட்ட தீ. அந்தக் கையால் அவள் சட்டி சுமப்பதைப் பார்த்தால் ஐந்து விரல் உள்ளவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.

எல்லாம் முடிந்தபோது மணல் வரவில்லை. ஃபில்டருக்கென்றே அளவாகச் சலித்த மணல் வெளியூரிலிருந்து லாரியில் வர வேண்டும். இன்று வரும், நாளை வரும் என்று பத்து நாள் போனது. நிச்சயத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. குணசீலன் முதலாளி பல் குத்திக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம மூடிக் கெடக்கிற யூனிட்ல தீ வாளி தொங்குதுல்ல. முப்பத்திரெண்டு வாளி. மணல் அப்படியே சும்மாதான இருக்கு. எறக்கிச் சலிச்சுப் போட்டுரு.”

ஆலைகளில் வாசலுக்கு வாசல் சிவப்பு வாளியில் மணல் தொங்கும், தெரியுமல்லவா. யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகாமல் இருக்க அடியைக் கூம்பாகச் செய்திருப்பார்கள், கீழே வைத்தால் நிற்காது. தீப்பிடித்தால் அள்ளி வீசுவதற்கு. ஏழாம் நம்பர் அறை வெடித்த அன்று அந்த முப்பத்திரண்டு வாளியில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை, தொட நேரமில்லை. விபத்துக்குப் பிறகு யூனிட்டை மூடிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அந்த மணல் தன் வேலையைச் செய்யாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“அந்த மணலா மொதலாளி?” என்றான் தவசிலிங்கம்.

“மணல்ல என்னப்பா அந்த மணல், இந்த மணல்.”

 அவனும் ஒச்சம்மாவும் வாளிகளை இறக்கி, சலித்து, கழுவி, தொட்டிக்குள் கொட்டினார்கள். கழுவும்போது அந்த மணல் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் தொங்கிய மணல், வேறு எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். திரும்பி வருகிற குழாயில் தண்ணீர் சரியாகத் தள்ளுகிறதா என்று பார்க்க ஒச்சம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி, குழாய் வாயில் வலது கையை வைத்தாள். “நல்லாத் தள்ளுது அண்ணே” என்றாள்.  கையை வெளியே எடுத்தாள். விரல்கள் தனித்தனியாக இருந்தன. சிறு பெண்ணின் கை போல ஒரு கோடு, ஒரு சுருக்கம் இல்லாமல் புதுத் தோல். அவள் கத்தவில்லை, கும்பிடவில்லை. ஏணியைப் பிடித்து மேலே வந்து, தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தியின் கையைத் திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் எட்டுப் பேர் வந்தார்கள். மறுநாள் அறுபது. அந்த ஊரில் தீப்படாத குடும்பம் கிடையாது, முகம் வெந்தவர், கழுத்து இழுத்துக்கொண்டவர், காதில்லாதவர், இமையில்லாமல் தூங்குகிறவர் என்று வரிசை முதலாளி வீட்டு கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்றது. தண்ணீரில் இறங்கினார்கள், முழுகினார்கள், தழும்பில்லாமல் ஏறினார்கள். குணசீலன் முதலாளிக்கு இதில் சந்தோஷம், பெரிய மனுஷர் என்று பேர் வருகிறது, காசு செலவில்லை. தானும் ஒரு நாள் இறங்கிப் பார்த்தார். இறங்கியபடியே ஏறினார். அவர் உடம்பில் எடுக்கிறதற்கு ஒன்றும் இல்லை, முப்பது வருஷம் பட்டாசுத் தொழில் பார்த்தவர் மேல் ஒரு பொறிகூடப் பட்டதில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தவசிலிங்கத்துக்கு அதுதான் ஆச்சரியம். காலை ஆண்கள், மாலை பெண்கள் என்று பஞ்சாயத்தில் பேசி முடிவானது. சோப்புப் போடக்கூடாது, குழந்தையைத் தண்ணீருக்குள் விட்டு ஒன்றுக்குப் போகச் சொல்லக்கூடாது என்று போர்டு எழுதினார்கள். ரேஷன் கடை மிஷினில் இத்தனை வருஷம் வெந்த விரல் பதியாமல் திண்டாடியவர்கள் புது விரலோடு போனார்கள். மிஷின் ரேகையை நன்றாக வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு ஆளே கிடையாது என்று சொல்லிவிட்டது. ஊனச் சான்றிதழ் வைத்திருந்தவர்களிடம் ஊனம் எங்கே என்று தாலுகா ஆபீசில் கேட்டார்கள். மூடிய முகத்தோடு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தியை அவள் புருஷன் முதன்முறையாகப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை, கூச்சமாக இருக்கிறது என்றான். பிறகு அதற்கும் பழகினார்கள். வீட்டுக்கு வீடு கண்ணாடி வாங்கினார்கள். நேர்த்திக்கடன் மாதிரி தண்ணீரில் பூப் போட்டார்கள், மஞ்சள் போட்டார்கள், எலுமிச்சம்பழம் போட்டார்கள். தவசிலிங்கம் தினமும் சல்லடைப் பெட்டியிலிருந்து கூடை கூடையாக அள்ளிக் கொட்டினான். போடாதீங்க, அடைச்சா ஆபத்து என்று தொண்டை வறளச் சொன்னான். சாமிக்குப் போடுறதப் போடாதன்னு சொல்லாதப்பா என்றார்கள்.

“குழா மாட்டினதே நீதான், நீ எறங்கலியா தவசி?” என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பான். தண்ணீர் தெறிக்கிற தூரத்தில்கூட நிற்கமாட்டான். குளத்துக்கு உள்ளே வேலை என்றால் ஒச்சம்மாவை இறக்குவான். மழைக்குப் பயந்த பூனை மாதிரி அவன் குளத்தைச் சுற்றி நடப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. அவன் நெஞ்சில் இருந்தது தழும்பு என்று அவர்கள் நினைத்தார்கள். அது அவன் பிள்ளை.

சித்திரை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் முறை. பூவும் மஞ்சளும் சேர்ந்து சல்லடைப் பெட்டி அடைத்துக்கொண்டது. மேல்தண்ணீரை இழுக்க முடியாத மோட்டார் தன் பலத்தையெல்லாம் அடி வடிகாலில் காட்டியது. ஒச்சம்மாவின் பேத்தி பூங்கோதை, ஏழு வயது, தழும்பெல்லாம் ஒன்றும் கிடையாது, பாட்டியோடு விளையாட வந்தவள். தரையைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று முழுகினாள். ரிப்பன் வைத்த பின்னல் அடி வடிகால் கம்பிக்குள் போய் இழுபட்டுச் சிக்கிக்கொண்டது. ஒச்சம்மா போட்ட சத்தத்தில் ஒருத்தி மோட்டாரை நிறுத்த அக்கினி மூலைக்கு ஓடினாள். மோட்டார் ரூம் முன்னால் இருந்த மூலையிலேயே இருந்திருந்தால் பத்தடி. இப்போது குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். சல்லடைப் பெட்டி அடைப்பை எடுக்கக் கூடையோடு வந்துகொண்டிருந்த தவசிலிங்கம் யோசிக்கவில்லை. சட்டையோடு குதித்தான், அடிக்குப் போனான், குழாய் அறுக்கிற கத்தியால் பின்னலை அறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

பூங்கோதை இருமினாள், தண்ணீர் கக்கினாள், அழுதாள். பெண்கள் அவன் காலில் விழுந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நனைந்த சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலேயே கையை வைத்துத் தடவினான். மேடு பள்ளம் எதுவும் தட்டவில்லை. ஒன்பது வருஷமாக இருட்டில்கூடத் தடவினால் சுண்டு விரல் எது, மோதிர விரல் எது என்று சொல்லக்கூடியவன், வழவழவென்று கிடந்த நெஞ்சைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நின்றான். யாரோ அவன் தோளில் துண்டைப் போட்டார்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய அந்த நிமிஷத்தில் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, அதற்காக அவன் தன்னையே வெறுத்தான்.

வீட்டில் சொல்லவில்லை. நான்கு நாள் சட்டையைக் கழற்றாமல் குளித்தான், சட்டையோடு தூங்கினான், எண்ணெயைக் கையில் ஊற்றித் தலையில் தடவிக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் காலையில் குருவம்மா அவன் முன்னால் வந்து நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவன் நெஞ்சுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் முறை. பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து கீழே சரிந்தாள்.

“அவளையும் கழுவிட்டு வந்துட்டியா?” என்றாள்.

அவன் பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.  வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனான்.

அங்கே ஃபில்டர் தொட்டியின் மேலிருந்த பிரஷர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. தொட்டி குமுறியது. மணல் நிறைந்துவிட்டால் தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டு, பிடித்து வைத்த அழுக்கையெல்லாம் வெளியே தள்ளிவிட வேண்டும். தொட்டியிலேயே அதற்கு ஒரு கைப்பிடி உண்டு, திருப்பினால் போதும். குணசீலன் முதலாளி வந்து மீட்டரைப் பார்த்தார். “நாளைக்கு மாப்பிள்ள வீட்ல வாராக. காலையில மொத வேலையா இதத் தெறந்து ஓடையில விட்டுரு. ஊர்க்காரங்க குளிச்சது போதும். இன்னிக்கே கேட்டப் பூட்டிரு.”

“ஓடையிலயா மொதலாளி? அதுல இருக்கிறது…”

“அழுக்குத்தானப்பா” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஓடை ஊரைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் போய், எங்கேயும் சேராமல், மண்ணுக்குள் இறங்கிவிடும். அவன் மகளின் கை முன்னூறு பேர் தழும்போடு சேர்ந்து அதில் போகும். தவசிலிங்கம் உச்சி வெயிலில் மோட்டார் ரூமுக்குள் நின்று இதை நினைத்துப் பார்த்தான். பிறகு மோட்டாரை நிறுத்தினான். இரண்டு வால்வையும் மூடினான். காற்றைத் திறந்து விட்டான், அது நெடுநேரம் பெருமூச்சு விட்டு அடங்கியது. மேல்மூடியின் எட்டு போல்ட்டையும் கழற்றி, மூடியைத் தூக்கிக் கீழே வைத்தான். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது.

தொட்டி அவன் நெஞ்சு உயரம் இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விளிம்பில் நெஞ்சைக் கொடுத்துக் குனிந்து, வலது கையைத் தோள் வரைக்கும் ஈர மணலுக்குள் விட்டான். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினான். மணலுக்குள் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு கன்னம் அவன் விரலில் உரசி விலகியது. ஒரு முதுகு, பிறகு ஒரு குழந்தையின் பாதம். ஒச்சம்மாவின் மூன்று விரல் கை வந்தது, அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து வழி விட்டது. நெரிசலான பஸ்ஸில், எறங்கணும், வழி விடுங்க என்று சொன்னால் ஒதுங்குவார்களே, அப்படி ஒவ்வொரு தழும்பும் ஒதுங்கியது. “செம்பகம்” என்று தொட்டிக்குள் கூப்பிட்டான். “அப்பா வந்திருக்கேன். கையக் குடு. இப்பப் பிடிச்சிருவேன்.”

கீழே, அடியில், ஏதோ அசைந்தது. அவன் விரலை விரித்துத் தயாராக வைத்தான். இந்தத் தடவை விடமாட்டேன், மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்துவிடுவேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அது வந்தது. அவன் நீட்டிய கையை அது சட்டை செய்யவே இல்லை. கையைத் தாண்டி, மணலைப் பிளந்துகொண்டு மேலே ஏறி, விளிம்பில் சாய்ந்திருந்த அவன் நெஞ்சில், தன் பழைய இடத்தில், உள்ளங்கையை ஊன்றி, ஐந்து விரலையும் விரித்து வைத்து, தள்ளியது.

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். தவசிலிங்கம் தொட்டியிலிருந்து பிடுங்கப்பட்டு, மோட்டார் ரூம் வாசலைத் தாண்டிப் பறந்து, வெளியே வெயிலில் மல்லாந்து விழுந்தான். முதுகில் அடிபட்ட அந்த வலி அவனுக்குத் தெரிந்த வலி. வானம் அதே வானம். வேப்பமரம் மட்டும்தான் இல்லை. அவன் எழுந்திருக்காமல் கிடந்தான். அன்றைக்கு அவனை எறிந்தது வெடி இல்லை. கூரை விழுவதற்கு முன்னால், எரிந்துகொண்டிருந்த தன் கையால், அவள் அவனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். ஒன்பது வருஷம் அதைத் தினமும் பார்த்து, தினமும் எண்ணெய் போட்டு, ஒரு நாள்கூட அவனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அந்த மணல் ஓடைக்குப் போகவில்லை. அவன் எழுந்து போய் மூடியைப் போட்டு, ஒச்சம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள், பிறகு வேகமாகத் தெருவுக்குள் போனாள். சாயங்காலம் முப்பத்திரண்டு பெண்கள் முப்பத்திரண்டு சிவப்பு வாளிகளோடு முதலாளி வீட்டுக்குள் வந்து, அவர் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்க, ஒருவரும் வாய் திறக்காமல் மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது ஓடுகிற ஆலைகளில் வாசலுக்கு வாசல் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள், குனியாமல் எட்டுகிற உயரத்தில். காலையில் உள்ளே போகும்போது வாளியில் கையை வைத்துவிட்டுப் போவார்கள், அதில் யாருடைய தழும்பாவது இருக்கும், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மறுநாள் வந்த சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டார், மணல் போன ஒரே ராத்திரியில் மறுபடி பச்சையான தண்ணீரையும் திரும்பி வந்த தவளையையும் பார்த்துவிட்டு, கிராமத்துக் குளம் நல்லா இருக்கு என்று சொல்லிப் போனார்களாம்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. மணல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்த மத்தியானம் தவசிலிங்கம் நேராக வீட்டுக்குத்தான் போனான். சட்டை ஆணியிலேயே கிடந்தது. ஊர் நடுவில், பட்டப்பகலில், வெறும் உடம்போடு அவன் நடந்து போவதைப் பார்த்துக் கடை வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

குருவம்மா காலையில் சரிந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அவன் வாசலில் நின்றதும் தலையைத் தூக்கினாள், அவன் நெஞ்சைப் பார்த்தாள். கை இருந்தது. புதிதாகச் சுட்டது போலச் சிவந்து இருந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“குருவு” என்றான் அவன்.  “அவ என்னையப் பிடிக்க வரல.”

அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் வந்தாள். உள்ளங்கையின் அடி நெஞ்சுக்குழியில், விரல் நுனியெல்லாம் கழுத்தைப் பார்த்து. ஒன்பது வருஷம் எட்டத்திலிருந்தே பார்த்ததை இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். தாயும் மகளும் ஒரே உயரம், ஒருத்தி வளையல் ஒருத்திக்குச் சேரும். வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தழும்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. அப்படியே மடக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் அவன் தோலில் வழுக்கின, பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் விரித்து வைத்தாள். முழங்கை மடங்கி, மணிக்கட்டு நிமிர்ந்து, அவள் உடம்பின் பாரமெல்லாம் அந்தக் கைக்கு வந்து நின்றது. அப்படி வைத்த ஒரு கையால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் முகம் கோணியது.

குருவம்மா தள்ளினாள். அவன் வாசற்படியைத் தாண்டி வெளியே வெயிலில் போய் நின்றான்.